சென்னை விமான நிலையத்திலிருந்து எழும்பூர்: மெட்ரோவா, மின்சார ரயிலா, டாக்ஸியா?

யாழ்ப்பயணி (திங்கள், காலை 9.12)

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து சென்னைக்கு வருகிறேன். அம்மாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. விமானம் பின்னேரம் ஐந்தரைக்கு இறங்கும். அங்கிருந்து நகர மையத்துக்குப் போக எது நல்லது? மெட்ரோ இருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார், டாக்ஸியைத் தவிர வேறு எதையும் நினைக்காதே என்று இன்னொருவர். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், படி ஏறமாட்டா. இரண்டு பெரிய சூட்கேஸ், ஒரு கைப்பை. காசு பெரிய பிரச்சினை இல்லை, ஆனால் வீணாய்க் கொடுக்கவும் விருப்பமில்லை.

மெட்ரோமீனா (திங்கள், காலை 9.40)

யோசிக்கவே வேண்டாம், மெட்ரோ. விமான நிலையத்திலேயே ஸ்டேஷன். நீல வழித்தடம் அங்கேதான் தொடங்குகிறது, அதனால் காலி வண்டியில் ஏறலாம், உட்கார இடம் நிச்சயம். கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்ஐசி என்று அண்ணா சாலைக்கு அடியிலேயே போய் சென்ட்ரலில் இறக்கிவிடும். முக்கால் மணி நேரத்துக்குள் ஆகிவிடும். மொத்த மெட்ரோவிலும் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. காலை 5 மணி முதல் இரவு 11 வரை ஓடும்.

பல்லாவரத்தான் (திங்கள், காலை 10.05)

நண்பரே, முதலில் ஒன்று சொல்லுங்கள். நகர மையம் என்று எதைக் குறிப்பிடுகிறீர்கள்? சென்னைக்கு அப்படி ஒன்று கிடையாது. பாரிமுனைக்காரரைக் கேட்டால் பாரிமுனை என்பார். என் மனைவியைக் கேட்டால் தி.நகர். கம்ப்யூட்டர் வேலைக்காரர்களுக்கு ஊரே சோழிங்கநல்லூர் பக்கம்தான். விமான நிலையம் தெற்கே இருக்கிறது, சென்ட்ரல் வடக்கே சுமார் 18 கிலோமீட்டர். நடுவில் எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று தெரியாமல் மெட்ரோ, டாக்ஸி என்று அடித்துக்கொள்வதில் பயனில்லை.

உதாரணத்துக்கு தி.நகர். இன்றைய தேதிக்கு அங்கே மெட்ரோ ஓடவில்லை, தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் விமான நிலையத்துக்கு எதிரே ஜிஎஸ்டி சாலையைக் கடந்தால் திரிசூலம் ரயில் நிலையம். அங்கே மின்சார ரயில் ஏறினால் மாம்பலத்தில் இறங்கி நேரே ரங்கநாதன் தெருவுக்குள் கால் வைக்கலாம். (சனிக்கிழமை சாயங்காலம் சூட்கேஸை உருட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குள் போனால் சூட்கேஸ் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமுமாக வெளியே வருவீர்கள், அது வேறு கதை.)

எந்தத் தெரு, அதைச் சொல்லுங்கள்.

யாழ்ப்பயணி (திங்கள், காலை 11.30)

நன்றி அண்ணா. தங்குமிடம் எழும்பூர், கென்னட் லேன். எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். ஆஸ்பத்திரி நுங்கம்பாக்கம்.

ரயில்பைத்தியம் (திங்கள், காலை 11.48)

எழும்பூர் என்றால் மெட்ரோவில் சுலபம். ஆலந்தூரில் பச்சை வழித்தடத்துக்கு மாறிவிடுங்கள். எழும்பூரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது.

மெட்ரோமீனா (திங்கள், பகல் 12.02)

ஐயோ வேண்டாம். ஆலந்தூரில் மாறினால் அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எழும்பூர் வரும். வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும், உட்கார்ந்து போகிறவருக்குத்தான் அலுப்பு தெரியும். நீல வண்டியிலேயே சென்ட்ரல் வரை போய், அங்கே பச்சைக்கு மாறி ஒரே ஒரு நிலையம் திரும்பி வந்தால் எழும்பூர். சென்ட்ரலில் இரண்டு வழித்தடமும் வேறு வேறு தளத்தில் இருக்கின்றன, லிஃப்டில் மாறலாம். மாறவே மனமில்லையென்றால் சென்ட்ரலில் வெளியே வந்து ஆட்டோ பிடியுங்கள், கிட்டத்தில்தான்.

பல்லாவரத்தான் (திங்கள், பகல் 12.20)

இவ்வளவு எதற்கு? திரிசூலத்தில் ஏறினால் எழும்பூர் நேர் வண்டி. மாறவே வேண்டாம். சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் நோக்கிப் போகிற எந்த ரயிலும் சரி: மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர். நாற்பது நிமிடம் போதும். டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. மெட்ரோ விமான நிலையத்துக்கு வந்ததே 2016இல்தான். இந்தத் தடத்தில் மின்சார ரயில் 1931இலிருந்து ஓடுகிறது.

இன்னொன்று: சாயங்காலம் ஆறு ஏழு மணிக்குக் கூட்டமெல்லாம் கடற்கரையிலிருந்து தாம்பரம் பக்கம் வரும். எதிர்த்திசையில் போகிற உங்களுக்கு உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதே ரயிலில் காலை எட்டரைக்கு ஏறிப் பார்க்காதீர்கள்.

ஓய்வூதியர்73 (திங்கள், பகல் 1.15)

பல்லாவரத்தான் தம்பி சொல்வது எல்லாம் சரி. ஆனால் அந்த அம்மாவின் முழங்காலை மறந்துவிட்டார். எனக்கும் அதே கால்தான், அதனால் எழுதுகிறேன்.

திரிசூலத்தில் நடைமேடைக்குப் போகப் படி இருக்கிறது. விமான நிலையத் தள்ளுவண்டி அங்கே வராது. மின்சார ரயில் அரை நிமிடம் நிற்கும், அதற்குள் இரண்டு பெட்டியையும் அம்மாவையும் ஏற்ற வேண்டும். நடைமேடைக்கும் ரயிலின் தளத்துக்கும் உயரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. எழும்பூரில் இன்னும் ஒரு சங்கடம்: புறநகர் ரயில் நிற்கிற நடைமேடைகள் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம், கென்னட் லேன் காந்தி இர்வின் சாலைப் பக்கம். அதாவது மொத்த ஸ்டேஷனையும் குறுக்கே கடக்க வேண்டும். இப்போது அங்கே மறுசீரமைப்பு வேலை வேறு. போன தடவை போன வழி இந்தத் தடவை இருக்கும் என்று சொல்ல முடியாது.

பத்து ரூபாய் டிக்கெட் எடுத்துவிட்டு நூறு ரூபாய்க்குக் கூலி தேட வேண்டியிருக்கும்.

பல்லாவரத்தான் (திங்கள், பகல் 1.31)

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. பெட்டி இல்லாமல் தனியாள் என்றால்தான் நான் சொன்னது.

ஸ்கார்பரோ சிவா (திங்கள், மாலை 6.50)

வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு இங்கே யாரும் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. இந்திய சிம் இல்லாமல் இறங்கினால் முதல் ஒரு மணி நேரம் கை கட்டிப்போட்ட மாதிரி. செயலியில் டாக்ஸி பதிவு செய்யலாம், உங்கள் ஊர் எண்ணிலேயே வேலை செய்யும், ஆனால் இணையம் வேண்டுமே. ரோமிங் போட்டுக்கொண்டு வந்தாலும் டிரைவர் உங்களைக் கூப்பிடுவார், வெளிநாட்டு எண்ணைப் பார்த்ததும் பேசாமல் ரத்து செய்துவிடுவார். இங்கே டீக்கடை முதல் யூபிஐயில், அதாவது கைபேசிப் பணப்பரிமாற்றத்தில் போகிறது, நம்மிடம் அது இருக்காது. ஆகவே வெளியே வரும் முன் கொஞ்சம் இந்திய ரூபாய் மாற்றி, சில்லறையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் மாற்றினால் விலை அவ்வளவு நன்றாக இருக்காது, அன்றைய செலவுக்கு மட்டும் மாற்றினால் போதும்.

சென்ற முறை நான் செயலியில் எடுத்த கதையைக் கேளுங்கள். எந்தச் செயலி என்று எழுதவில்லை, எல்லாம் ஒன்றுதான். பதிவானது. டிரைவர் கூப்பிட்டார். "சார், எங்கே போகணும்?" சொன்னேன். "கேஷா, ஆன்லைனா?" கார்ட் என்றேன். அவ்வளவுதான், வண்டி வரைபடத்தில் அசையாமல் நின்றது. நானும் ரத்து செய்யவில்லை, அவரும் செய்யவில்லை. யார் முதலில் ரத்து செய்கிறார்களோ அவர்களுக்குத்தான் அபராதம் என்று இருவருக்குமே தெரியும். கடைசியில் உள்ளே போய் ப்ரீபெய்ட் டாக்ஸி கவுன்டரில் முன்கூட்டியே பணம் கட்டி ரசீது வாங்கினேன்.

ஸ்டியரிங்செல்வம் (திங்கள், இரவு 9.25)

நான் ஓட்டுகிற ஆள். சிவா சார் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் இந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

இப்போது செயலி வண்டிகள் வாசலுக்கு வந்து ஏற்ற முடியாது. 2022 கடைசியில் பல அடுக்கு வாகன நிறுத்தம் திறந்த பிறகு எங்களை அதற்குள் தள்ளிவிட்டார்கள். உள்ளே நுழைந்தாலே பார்க்கிங் காசு. பயணி பெல்ட்டில் பெட்டி வரும் முன்பே வண்டியைப் பதிவு செய்துவிடுவார். நான் மாடியில் நின்றுகொண்டு கூப்பிட்டால் "இன்னும் லக்கேஜ் வரலை, அஞ்சு நிமிஷம்" என்பார். அந்த அஞ்சு நிமிஷம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஆன்லைன் பணம் எங்கள் கைக்கு உடனே வராது, அன்றைய டீசலுக்குக் கையில் காசு வேண்டும். அதனால்தான் அந்தக் கேள்வி. எங்கே போகணும் என்று கேட்பது, பக்கத்து நங்கநல்லூருக்காக இவ்வளவு நேரம் வரிசையில் நிற்க முடியாது என்பதால். நியாயமா என்று கேட்டால் பயணிக்கு நியாயமில்லைதான்.

அந்த அம்மாவுக்காக ஒன்று: பெட்டி கையில் வந்த பிறகு பதிவு செய்யுங்கள். வாகன நிறுத்தத்துக்கு முனையத்திலிருந்து பேட்டரி வண்டி இலவசமாக விடுகிறார்கள், அதில் அம்மாவையும் பெட்டியையும் ஏற்றிக்கொள்ளலாம். நடக்க வைக்காதீர்கள், நல்ல தூரம். எந்த மாடி, எந்தத் தூண் என்று டிரைவரிடம் கேட்டுக்கொண்டே போங்கள். "பிக்கப் பாயின்ட்ல நிக்கிறேன்" என்றால் இரண்டு பேரும் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஸ்கார்பரோ சிவா (திங்கள், இரவு 9.41)

செல்வம், நீங்கள் சொன்ன பிறகு அந்த டிரைவர் மேல் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

வளைகுடாவாசி (செவ்வாய், காலை 5.55)

நீங்கள் எல்லோரும் பகலில் இறங்குகிறவர்கள். எங்கள் விமானங்கள் விடிகாலை மூன்று மணிக்கு வந்து கொட்டும். அப்போது மெட்ரோ இல்லை. நான்கு மணியை ஒட்டி மின்சார ரயில் தொடங்கிவிடும், ஆனால் கையில் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவன் திரிசூலம் படியிறங்க மாட்டான். ஊரிலிருந்து யாராவது வேன் கொண்டு வருவார்கள்.

நான் எழுத வந்தது வேறு. திருச்சி, மதுரை, நெல்லை பக்கம் போகிறவர்கள் இன்னும் பழைய வழக்கத்தில் எழும்பூருக்கும் கோயம்பேட்டுக்கும் போய் நேரத்தைத் தொலைக்கிறார்கள். தெற்கே போகும் ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கும். திரிசூலத்திலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், அவ்வளவுதான். முன்பதிவு செய்யும்போதே ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று போட்டுக்கொள்ளுங்கள். அரசு விரைவுப் பேருந்துகளும் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு அங்கே போய்விட்டன. அதுவும் தெற்கேதான். விமான நிலையத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையில் நேர் கோடு. நகருக்குள்ளேயே நுழைய வேண்டாம்.

ஓஎம்ஆர்வாசி (செவ்வாய், காலை 8.30)

எங்களைப் பற்றி யாரும் பேச மாட்டீர்களா? துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் போக இப்போதைக்கு டாக்ஸிதான். பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலை. மெட்ரோவுக்காகத் தூண் நட்டிருக்கிறார்கள், பார்த்துக்கொண்டே போகலாம்.

மெட்ரோமீனா (செவ்வாய், காலை 9.10)

சரி, யாழ்ப்பயணிக்கு வருவோம். ஐந்தரைக்கு இறங்கினால் குடிவரவு, பெட்டி எல்லாம் முடித்து ஆறரைக்கு வெளியே வருவார்கள். அந்த நேரத்தில் டாக்ஸி ஏறினால் கத்திப்பாரா, கிண்டி, சைதாப்பேட்டை, பிறகு அண்ணா சாலை. ஒரு மணி நேரம் என்பது நல்ல நாளில். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். அதனால் இப்போதும் என் ஓட்டு மெட்ரோவுக்குத்தான். முனையத்திலிருந்து ஸ்டேஷன் வரை நகரும் நடைபாதை இருக்கிறது. படி ஏற வேண்டிய இடமே கிடையாது. டிக்கெட் கவுன்டரில் ரொக்கம் வாங்குவார்கள், சிம் பிரச்சினையும் இல்லை. வாட்ஸ்அப்பில் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி, ஆனால் முதல் நாளே அதற்காகப் போராட வேண்டாம்.

ஓய்வூதியர்73 (செவ்வாய், காலை 10.22)

மீனா அம்மா, ஒரு மணி நேரம் நெரிசலில் சிக்கினாலும் டாக்ஸியில் அந்த அம்மா உட்கார்ந்துதான் இருப்பார். மெட்ரோவில் என்ன நடக்கும் என்று வரிசையாகப் பாருங்கள். முனையத்திலிருந்து ஸ்டேஷன் வரை நடை. வாசலில் பெட்டிகளைத் தூக்கி ஸ்கேனரில் வைத்து எடுக்க வேண்டும். லிஃப்ட். ரயில். சென்ட்ரலில் இறங்கி லிஃப்டைத் தேடி நடை, அந்த ஸ்டேஷன் சின்னதில்லை. மறுபடி ரயில். எழும்பூரில் லிஃப்ட், வெளியே வந்து கென்னட் லேன் வரை மறுபடி நடை அல்லது ஆட்டோ. இரண்டு பெட்டியை ஒருவர் உருட்டினால் அம்மாவின் கையை யார் பிடிப்பது? மெட்ரோ நல்லதுதான், நானே வாரம் தவறாமல் போகிறேன். ஆனால் லிஃப்ட் இருக்கிறது என்பதும் நடக்க வேண்டியதில்லை என்பதும் ஒன்றல்ல.

மெட்ரோமீனா (செவ்வாய், காலை 10.45)

பெட்டியை யார் உருட்டுவது, கையை யார் பிடிப்பது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சரி, முதல் நாள் டாக்ஸி.

யாழ்ப்பயணி (செவ்வாய், இரவு 8.05)

எல்லோருக்கும் மிக்க நன்றி. நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ப்ரீபெய்ட் டாக்ஸியே எடுக்கிறேன். சில கேள்விகள் மட்டும்: ப்ரீபெய்டில் பிறகு கூடக் கேட்பார்களா? எவ்வளவு வரும்? ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு நாளும் எப்படிப் போவது?

ஸ்டியரிங்செல்வம் (செவ்வாய், இரவு 9.50)

கவுன்டரில் எழும்பூர், கென்னட் லேன் என்று முழுதாகச் சொல்லி ரசீது வாங்குங்கள். வெறும் "சென்ட்ரல் பக்கம்" என்றால் இறங்கும் நேரத்தில் தகராறு வரும். இரண்டு பெட்டி, இரண்டு ஆள் என்றால் சின்ன வண்டி போதும், பெரிய வண்டியைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தொகை வண்டியைப் பொறுத்தது, ஐந்நூறுக்கு மேல் ஆயிரத்துக்குள் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அதில் சேர்ந்ததா, பார்க்கிங் யார் கட்டுவது, இரண்டையும் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள், வண்டியில் ஏறிய பிறகு கேட்காதீர்கள். டிரைவருக்கான ரசீதை இறங்கி, பெட்டியை எடுத்த பிறகுதான் கையில் கொடுக்க வேண்டும். ஏறும்போதே கேட்டால் "இறங்கும்போது தருகிறேன்" என்று சொன்னால் போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வெளியே வந்ததும் "டாக்ஸியா சார், வாங்க சார்" என்று பெட்டியைப் பிடிக்கிறவரோடு போகாதீர்கள். நம் ஆட்கள்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

லேனுக்குள் வண்டி போகும், ஆனால் குறுகல். எதிரே ஒரு வேன் நின்றால் டிரைவர் முனையிலேயே இறக்கிவிடப் பார்ப்பார். விடுதிக்காரர் எண்ணை வைத்துக்கொண்டு, சேத்துப்பட்டு தாண்டும்போது கூப்பிட்டு ஒரு ஆளை வாசலில் நிற்கச் சொல்லுங்கள்.

பல்லாவரத்தான் (செவ்வாய், இரவு 10.14)

நுங்கம்பாக்கத்துக்கு எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிலையம்தான். ஆனால் மறுபடி அந்தப் படி. அம்மாவோடு ஆட்டோவில் போங்கள், நீங்கள் தனியாக மருந்து, ரிப்போர்ட் வாங்கப் போகும்போது ரயில் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் தடப் பராமரிப்பு என்று சில நேரம் ரயில்களை நிறுத்துவார்கள், முதல் நாள் செய்தித்தாளில் வரும். 2025 ஏப்ரலிலிருந்து இந்தத் தடத்தில் ஏசி மின்சார ரயிலும் விடுகிறார்கள், குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். நாளுக்குச் சில வண்டிகள்தான், அதற்காகக் காத்து நிற்க வேண்டாம்.

யாழ்ப்பயணி (புதன், காலை 7.20)

நல்லது அண்ணா. கடைசியாக ஒன்று. திரும்பும் விமானம் காலை எட்டே காலுக்கு. அப்போது பெட்டி ஒன்றுதான் இருக்கும், கொண்டுவரும் சாமான்களை இங்கே கொடுத்துவிடுவோம். மெட்ரோவில் வரலாமா?

மெட்ரோமீனா (புதன், காலை 9.05)

இதை நான்தான் சொல்ல வேண்டும்: வேண்டாம். சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள், அதாவது ஐந்தேகாலுக்கு உள்ளே இருக்க வேண்டும். முதல் மெட்ரோவே ஐந்து மணிக்குத்தான் கிளம்பும். சென்ட்ரலில் மாறி வருவதற்குள் ஆறு ஆகிவிடும். அதோடு கண்ணில் சிகிச்சை முடிந்தவர்.

ஸ்டியரிங்செல்வம் (புதன், காலை 9.18)

விடிகாலையில் எழும்பூரிலிருந்து அரை மணி நேரத்தில் விட்டுவிடலாம், சாலை காலியாக இருக்கும். முதல் நாள் ராத்திரியே விடுதியில் சொல்லி வண்டி ஏற்பாடு செய்துவிடுங்கள். செயலியை நம்பி நாலரை மணிக்குத் தெருவில் நிற்க வேண்டாம், அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் விமான நிலைய வாகன நிறுத்தத்தில் வண்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருப்பார்கள். புறப்படும்போது எந்த முனையம் என்று டிரைவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: உங்களுக்கு டி2, வெளிநாட்டு விமானங்கள் 2023இலிருந்து அங்கேதான். டி1, டி4 இரண்டும் உள்நாடு. தவறிப்போய் அங்கே இறங்கினால் அம்மாவை மறுபடி நடக்க வைக்க வேண்டியிருக்கும்.